கேள்வித்தாளில் ரோல் நம்பர் எதற்கு?

கேள்வி: குடியாத்தம் பகுதியில் அரசு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் ஒன்பதாம் வகுப்பு வகுப்பாசிரியையாக இருக்கிறேன். சென்ற வாரம் ஒரு கல்லூரியிலிருந்து ஆய்வுக் குழு வந்து மாணவர்களின் மனநலம் பற்றி சர்வே நடத்தியது. தலைமையாசிரியர் அனுமதி கொடுத்திருந்தார். முந்தின நாள் மாலை பெற்றோர் சம்மதப் படிவத்தைக் கொடுத்து, மறுநாள் காலை கையெழுத்துடன் கொண்டுவரச் சொன்னோம். வந்தவற்றில் பாதிக்கு மேல் பிள்ளைகளே போட்ட கையெழுத்து என்பது பார்த்தவுடன் தெரிந்தது. கொண்டுவராதவர்களை எழுந்து நிற்கச் சொல்லி அங்கேயே எழுதி வாங்கினோம். "பெயர் வேண்டாம், ரோல் நம்பர் மட்டும் போதும், யாருக்கும் தெரியாது" என்று குழுவினர் சொன்னார்கள். தாள்களை வாங்கி அடுக்கியவள் நான். அப்போது ஒரு மாணவியின் தாள் கண்ணில் பட்டது. செத்துப்போனால் தேவலை என்று தோன்றியதா என்ற கேள்விக்கு, "ஏறக்குறைய தினமும்" என்று குறித்திருந்தாள். குழுவின் பொறுப்பாளரிடம் சொன்னேன். "இது ரகசிய ஆய்வு, நாம் தலையிடக் கூடாது" என்றார். தலைமையாசிரியரோ, பிரச்சினை உள்ள பிள்ளைகளின் பட்டியலைத் தரும்படி குழுவிடம் கேட்டிருக்கிறார். அடுத்த மாதம் பதினோராம் வகுப்புக்கு இதையே கூகுள் படிவத்தில் நடத்தப்போகிறார்கள். அந்த மாணவியிடம் நான் பேசலாமா? பேசினால் ரகசியத்தை உடைத்தவள் ஆவேனா? இப்படிப்பட்ட ஆய்வுகளே வேண்டாம் என்று சொல்லிவிடலாமா? பொய்க் கையெழுத்துப் போட்ட பிள்ளைகளை என்ன செய்வது?

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு, உங்கள் முதல் கேள்விக்கு உரிய பதிலைக் கடிதம் கிடைத்த அன்றே உங்களுக்கு நேரடியாகச் சொல்லிவிட்டேன். ஒரு பிள்ளையின் உயிரைப் பற்றிய கேள்வி அச்சுக்குக் காத்திருக்க முடியாது. அதை இங்கே மறுபடி எழுதுவது, இதே நிலையில் இருக்கும் மற்ற ஆசிரியர்களுக்காக. அந்த மாணவியை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றித்தான் உங்கள் கடிதத்தை வெளியிடுகிறேன்.

பேசலாமா என்று கேட்கிறீர்கள். பேசியே ஆக வேண்டும்.

எப்படிப் பேசுவது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். தாளைப் பார்த்ததை மறைத்துவிட்டு, "ஏன் இரண்டு நாளாக வாடிப்போயிருக்கிறாய்" என்று சுற்றிவளைத்துத் தொடங்குங்கள் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பதினான்கு வயதுப் பெண்ணுக்கு அது நொடியில் புரிந்துவிடும். யாருக்கும் தெரியாது என்று சொல்லி எழுதவைத்தவர்கள், தெரிந்த பிறகும் தெரியாததுபோல் நடிக்கிறார்கள் என்று நினைப்பாள். அதற்குமேல் எந்தப் பெரியவரிடமும் அவள் வாய் திறக்கமாட்டாள். உள்ளதைச் சொல்லுங்கள். பிறர் கண்ணுக்குத் தெரியும், ஆனால் காதுக்கு எட்டாத ஓர் இடத்தில் உட்காரவைத்து, "அன்றைக்குத் தாள்களை அடுக்கும்போது உன் பதில் என் கண்ணில் பட்டுவிட்டது கண்ணு. பார்த்தபிறகு உன்னிடம் கேட்காமல் இருக்க என்னால் முடியவில்லை" என்று தொடங்கலாம். அவளுக்குக் கோபம் வரலாம். வரட்டும், அது நியாயமான கோபம். "சும்மா டிக் அடித்தேன் மிஸ்" என்று அவள் சொன்னால் அப்படியே விட்டுவிடாதீர்கள். மறுநாளும் கேளுங்கள்.

அவள் பேசத் தொடங்கினால் சாவைப் பற்றி நேராகவே கேட்க வேண்டும். எப்போதெல்லாம் தோன்றுகிறது, எப்படிச் செய்வது என்று யோசித்தது உண்டா, முன்பு எப்போதாவது முயன்றது உண்டா. கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்ற அச்சம் எல்லோருக்கும் உண்டு. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் ஆறு உயர்நிலைப் பள்ளிகளில் 2,342 மாணவர்களைக் கொண்டு இதைச் சோதித்துப் பார்த்து, 2005ஆம் ஆண்டு முடிவை வெளியிட்டார்கள். மாணவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியிடம் தற்கொலை பற்றிய கேள்விகளைக் கேட்டார்கள், மறுபாதியிடம் கேட்கவில்லை. இரண்டு நாள் கழித்துப் பார்த்தபோது, கேட்கப்பட்டவர்களிடம் அந்த எண்ணமோ மன வேதனையோ கூடியிருக்கவில்லை. ஏற்கெனவே மனச்சோர்வில் இருந்தவர்களும் முன்பு முயன்றவர்களும் கேட்கப்பட்ட பிறகு சற்று இலேசாகவே இருந்தார்கள். கேட்பதால் கெடுதல் இல்லை. கேட்டுவிட்டுக் கைவிடுவதுதான் கெடுதல்.

இப்போதும் அந்த எண்ணம் இருக்கிறது என்று அவள் சொன்னால், அன்றே அவளைத் தனியாக வீட்டுக்கு அனுப்ப வேண்டாம். "இதை நான் மட்டும் வைத்துக்கொள்ள முடியாது, யாரிடம் சொல்லலாம் என்று நீயே சொல்" என்று அவளையே கேளுங்கள். அம்மாவா, பாட்டியா, அத்தையா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை அவளுக்கு வேண்டும். வீட்டிலேயே அவளுக்குக் கொடுமை நடக்கிறது என்றால் கதை வேறு. பாலியல் தொல்லை என்று தெரிந்தாலோ, அப்படிச் சந்தேகிக்க இடமிருந்தாலோ, 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு உங்களுக்கும் பொருந்தும். காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம், மறைப்பது தண்டனைக்குரிய குற்றம். 1098 என்ற குழந்தைகள் உதவி எண் எந்நேரமும் இயங்குகிறது.

வீட்டில் பூச்சிமருந்தையும் மாத்திரைகளையும் கைக்கெட்டாமல் பூட்டி வைக்கும்படி பெரியவர்களிடம் சொல்லுங்கள். இது சின்ன விஷயமாகத் தோன்றும், ஆனால் உயிர் காக்கும். பிறகு மருத்துவர். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. பாகாயத்தில் சி.எம்.சி. என்கிற வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் இருக்கிறது. உடனே போக முடியாத இரவில் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் தொலைபேசி மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. "பெண்ணுக்குப் பைத்தியம் என்று பேர் வந்துவிடும்" என்று அந்தத் தாய் அழுவார். போலீஸ் வழக்காகிவிடுமோ என்று தலைமையாசிரியர் அஞ்சுவார். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர்களையே கடும் மன அழுத்தத்தில் இருந்தவர்களாகக் கருதச் சொல்கிறது, தண்டிக்கச் சொல்லவில்லை. வெறும் எண்ணம் எப்படி வழக்காகும்?

அடுத்து, ரகசியம். "ரகசிய ஆய்வு, தலையிடக் கூடாது" என்று பொறுப்பாளர் சொன்னது தவறு. அழுத்தமாகவே சொல்கிறேன். மருத்துவர் நோயாளிக்குக் கொடுக்கும் ரகசிய வாக்குறுதிக்கே உயிராபத்து என்ற எல்லை உண்டு. மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவும் அந்த விதிவிலக்கை வைத்திருக்கிறது. ஓர் ஆய்வாளரின் வாக்குறுதி அதைவிடப் பெரியது அல்ல. கேள்வித்தாளைக் கொடுக்கும் முன்பே பிள்ளைகளிடம் சொல்லியிருக்க வேண்டியது இது: "நீங்கள் எழுதுவதை உங்கள் ஆசிரியருக்கோ வீட்டுக்கோ காட்டமாட்டோம். ஆனால் உங்கள் உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால், உங்களிடம் பேசிவிட்டு, உதவக்கூடிய ஒருவரிடம் சொல்வோம்." இரண்டு வரிதான். அதைக் கேட்டபிறகும் எழுதும் பிள்ளை, உதவி வரும் என்று தெரிந்தே எழுதுகிறது. உங்கள் மாணவிக்கு அந்த இரண்டு வரி சொல்லப்படவில்லை. பழியை உங்கள்மேல் போட்டுக்கொள்ளாதீர்கள். ரகசியத்தை உடைத்தது நீங்கள் அல்ல, அதைச் சரியாக வரையறுக்காமல் வந்தவர்கள்.

இந்த ரோல் நம்பர் விஷயத்தைத்தான் நான் விடமாட்டேன். பெயர் இல்லை, ரோல் நம்பர் மட்டும் என்பது யாரை ஏமாற்ற? 17ஆம் எண் யார் என்று அந்த வகுப்பின் கடைசி பெஞ்சுக்கும் தெரியும். ஆய்வில் இரண்டு வழிகள் உண்டு, இரண்டும் நேர்மையான வழிகள்தான். ஒன்று, யார் எழுதியது என்று ஆய்வாளருக்கே தெரியாமல் நடத்துவது. தாளில் எந்த எண்ணும் இருக்காது, மடித்துப் பெட்டியில் போடுவார்கள். உலக சுகாதார நிறுவனம் பல நாடுகளில் பள்ளி மாணவர்களிடையே நடத்திவரும் உடல்நலக் கணக்கெடுப்பு இந்த வகை. 2022ஆம் ஆண்டு, பள்ளிப் பாடநூல்களைத் தயாரிக்கும் மத்திய அமைப்பான என்.சி.இ.ஆர்.டி. சுமார் 3.8 லட்சம் மாணவர்களிடம் நடத்திய மனநலக் கணக்கெடுப்பில், பெயர் எழுதுவதை விருப்பத்துக்கு விட்டிருந்தார்கள். இவ்வழியில் உண்மையான பதில் கிடைக்கும், ஆனால் ஆபத்தில் இருக்கும் குறிப்பிட்ட பிள்ளையைத் தேடிப் போக முடியாது. அதனால் வகுப்பில் உள்ள எல்லோருக்கும் உதவி எண்கள் எழுதிய சீட்டைக் கொடுத்து, வாரம் முழுவதும் பேச ஓர் ஆளையும் ஏற்பாடு செய்ய வேண்டும். இன்னொன்று, ரகசிய எண் கொடுப்பது. எந்த எண் யாருடையது என்ற பட்டியல் முதன்மை ஆய்வாளரிடம் மட்டும் பூட்டில் இருக்கும். தாள்களை அன்று மாலைக்குள் படித்துவிட வேண்டும். அபாயகரமான பதில் இருந்தால் பயிற்சி பெற்ற ஒருவர் அன்றே அந்தப் பிள்ளையைச் சந்திக்க வேண்டும். உங்கள் பள்ளிக்கு வந்தவர்கள் முதல் வழியின் வாக்குறுதியைக் கொடுத்து, இரண்டாம் வழியின் எண்ணை வாங்கி, இரண்டின் கடமையையும் விட்டுவிட்டார்கள்.

நீங்கள் சொல்லும் அந்தக் கேள்வி, மனச்சோர்வை அளக்கும் ஒன்பது கேள்விப் பட்டியலின் கடைசிக் கேள்விபோல் தெரிகிறது. உலகமெங்கும் புழங்கும் நல்ல கருவி அது. கடந்த இரண்டு வாரத்தைப் பற்றிக் கேட்டு, பூஜ்யத்திலிருந்து 27 வரை மதிப்பெண் போடுவார்கள். ஆனால் மாலை நாலரை பஸ்ஸில் ஏறிப் போய்விடுகிற ஒரு குழு, ஆலோசகர் இல்லாத பள்ளியில் அந்த ஒன்பதாம் கேள்வியைக் கேட்பதை நான் ஏற்கமாட்டேன். அதை நீக்கிவிட்டு எட்டுக் கேள்விகளோடு நடத்தும் வழக்கமும் ஆய்வு உலகில் இருக்கிறது. கேட்டே ஆக வேண்டும் என்றால், பதிலைப் பெற்றுக்கொள்ளும் ஆள் அன்று பள்ளி வளாகத்திலேயே இருக்க வேண்டும்.

ஆய்வே வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். வேண்டாம் என்று சொல்லாதீர்கள். காரணம் நம் மண்ணிலேயே இருக்கிறது. வேலூரை ஒட்டிய கணியம்பாடி ஒன்றியத்தில், 1992 முதல் 2001 வரை, 10 முதல் 19 வயதுக்குட்பட்டவர்களின் மரணங்களை சி.எம்.சி.யின் சமுதாய நலத் துறையினர் ஒவ்வொன்றாக விசாரித்துப் பதிந்தார்கள். 2004ஆம் ஆண்டு லான்செட் என்ற மருத்துவ இதழில் வெளியான அந்த முடிவைப் படித்து உலகமே திடுக்கிட்டது. ஆண்டுக்கு ஒரு லட்சம் பேருக்கு, பெண் பிள்ளைகளில் 148 பேர், ஆண் பிள்ளைகளில் 58 பேர் தற்கொலையால் இறந்திருந்தார்கள். அந்த வயதில் இறந்த பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோரின் சாவுக்குக் காரணம் அதுதான். அன்றைய நிலவரம் அது, இன்றைய கணக்காக அதைச் சொல்லக் கூடாது. ஆனால் அப்படி ஒருவர் கேட்டு எழுதிவைக்காமல் போயிருந்தால், வயிற்றுவலி என்றும் தவறுதலாகக் குடித்துவிட்டாள் என்றும் அந்தப் பெண்களின் கதை ஊரோடு முடிந்திருக்கும்.

அந்த வேலை எப்படி நடந்தது என்பதையும் பாருங்கள். அதே கிராமங்களில் வசிக்கும் சுகாதாரப் பணியாளர்கள் ஒவ்வொரு பிறப்பையும் சாவையும் பதிந்தார்கள், அவர்களுக்குப் பின்னால் செவிலியரும் மருத்துவரும் போனார்கள். கேட்டவர்கள் அடுத்த வாரமும் அதே தெருவுக்கு வந்தார்கள். குழந்தைக்குத் தடுப்பூசி போட்டவர்களும் கர்ப்பிணியின் நாடி பார்த்தவர்களும் அவர்கள்தான். பள்ளிக்கு வரும் ஆய்வுக் குழுவிடமும் இதே உறவை எதிர்பார்க்க நமக்கு உரிமை இருக்கிறது.

இப்போது சம்மதம். ஐ.சி.எம்.ஆர். என்கிற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2017ஆம் ஆண்டு வெளியிட்ட தேசிய நெறிமுறைகள் இதில் தெளிவாக இருக்கின்றன. பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குப் பெற்றோரின் சம்மதம் வேண்டும். கூடவே பிள்ளையின் ஒப்புதலும் வேண்டும். ஏழு முதல் பதினோரு வயது வரை வாய்மொழியாக, பன்னிரண்டு முதல் பதினெட்டு வரை எழுத்தில். தலைமையாசிரியரின் அனுமதி என்பது பள்ளிக்குள் நுழைவதற்கான அனுமதி மட்டும். அது பெற்றோரின் சம்மதத்துக்கோ பிள்ளையின் ஒப்புதலுக்கோ ஈடாகாது. உங்கள் பள்ளியில் தலைமையாசிரியரின் அனுமதி மட்டும் முறையாக நடந்திருக்கிறது. பெற்றோரின் சம்மதம் பெரும்பாலும் போலி. பிள்ளையின் ஒப்புதலை யாரும் கேட்கவே இல்லை.

போலிக் கையெழுத்துக்குப் பிள்ளைகளைக் குறை சொல்வது எளிது. குடியாத்தம், பேரணாம்பட்டு, ஆம்பூர்ப் பக்கத்து வீடுகளை நினைத்துப் பாருங்கள். விடிந்ததும் விடியாததுமாக ஷூ கம்பெனி வண்டி தெருமுனைக்கு வந்துவிடுகிறது. அம்மா அதில் ஏறிப் போனால் இருட்டிய பிறகுதான் திரும்புகிறார். அப்பா பெங்களூரில் கட்டட வேலையில் இருக்கிறார். வீட்டில் பாட்டி பீடி சுற்றிக்கொண்டிருக்கிறார். மாலையில் கொடுத்த படிவம் காலையில் கையெழுத்தோடு வர வேண்டும் என்றால், வேறு எப்படி வரும்? பல வீடுகளில் பேச்சு உருது, சில வீடுகளில் தெலுங்கு. "உளவியல்சார் நலன் குறித்த குறுக்குவெட்டு ஆய்வு" என்று தொடங்கும் இரண்டு பக்கத் தமிழ் அவர்களுக்கு என்ன சொல்லும்?

பெற்றோரிடம் சொல்ல வேண்டியதை வாயால் சொல்ல வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்திலோ, ஞாயிறு காலை தனியாகக் கூட்டும் கூட்டத்திலோ, ஆய்வாளரே வந்து நின்று சொல்லட்டும். கேள்வித்தாளின் நகலைக் கையில் கொடுக்கட்டும். என் அனுபவத்தில், பெற்றோர் மறுப்பது மிகக் குறைவு, கேட்பதுதான் அதிகம். "இதை எழுதினால் என் பிள்ளையைப் பள்ளியிலிருந்து அனுப்பிவிடுவார்களா", "எங்கள் சாதியை எதற்குக் கேட்கிறீர்கள்", "அவன் அப்பா குடிப்பதை எழுதினால் யார் படிப்பார்கள்" என்றெல்லாம் கேட்பார்கள். ஒவ்வொன்றும் பதில் சொல்லப்பட வேண்டிய கேள்வி. வர முடியாதவர்களுக்குத் தொலைபேசியில் விளக்கலாம். உருது தெரிந்த ஒருவரைக் கூட அழைத்து வரலாம். யோசிக்க ஒரு வாரமாவது கொடுக்க வேண்டும்.

சில ஆய்வாளர்கள் வேறு வழி சொல்வார்கள். மறுப்பவர்கள் மட்டும் எழுதித் தரட்டும், பதில் வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வோம் என்பார்கள். அவர்கள் வாதத்திலும் உண்மை இருக்கிறது. கையெழுத்துக் கண்டிப்பாக வேண்டும் என்றால், அதிகத் துன்பத்தில் இருக்கும் வீட்டுப் பிள்ளைகள்தான் முதலில் விடுபட்டுப்போவார்கள். முடிவில் எல்லாம் நலமாக இருப்பதுபோல் ஓர் அறிக்கை வரும். அப்பாவே அடிக்கிறவராக இருந்தால், அதைப் பற்றிக் கேட்க அவரிடமே கையெழுத்து வாங்குவது எப்படி என்பதும் நியாயமான கேள்வி. அதனால்தான் சில சூழல்களில் பெற்றோர் சம்மதத்துக்கு விலக்கு அளிக்க நெறிமுறைகளில் இடம் வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்த விலக்கை ஆய்வாளரே எடுத்துக்கொள்ள முடியாது, தலைமையாசிரியரும் கொடுக்க முடியாது. மருத்துவர் அல்லாத பொதுமக்கள் ஒருவரும் சட்டம் தெரிந்த ஒருவரும் உட்கார்ந்திருக்கும், ஆய்வுகளைப் பரிசீலிக்கும் நெறிமுறைக் குழுதான், காரணங்களைப் படித்துப் பார்த்துக் கொடுக்க வேண்டும். படிவம் வீடு போய்ச் சேர்ந்ததா என்பதே தெரியாத இடத்தில், மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்வதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

பிள்ளையின் ஒப்புதல்தான் எல்லாவற்றையும்விடக் கடினமானது. வகுப்பறையில் தாள் என்றால் பரீட்சை, ஆசிரியர் நின்றால் எழுத வேண்டும். இதைத்தான் பத்து வருடமாக நாம் அவர்களுக்குப் பழக்கியிருக்கிறோம். அந்த அறையில் "விருப்பம் இல்லாவிட்டால் எழுத வேண்டாம்" என்று ஒரு வரி வாசித்துவிட்டால், எந்தப் பிள்ளை எழுந்து போகும்? போனால் அடுத்த இடைவேளையில், "உனக்கு என்னடா, ஏதாவது மறைக்கிறாயா" என்பார்கள். மறுப்பதற்கு உண்மையான வழி வேண்டுமென்றால் மறுத்தது வெளியே தெரியக் கூடாது. எல்லோருக்கும் ஒரே மாதிரி உறையில் தாளைக் கொடுக்கலாம். பின்பக்கத்தில் ஒரு குறுக்கெழுத்துப் புதிரோ படமோ இருக்கட்டும். விருப்பமில்லாத பிள்ளை அதைப் போட்டுவிட்டு, உறையை ஒட்டி எல்லோரையும்போல் பெட்டியில் போட்டுவிடும். வேண்டாத கேள்வியைத் தாண்டிப் போகலாம், பாதியில் நிறுத்தலாம் என்பதை வாயால், ஒரு தடவைக்கு மேல் சொல்ல வேண்டும். மேசைகளைத் தள்ளிப் போட வேண்டும். வகுப்பாசிரியர் அறையில் இருக்கவே கூடாது. தாள்களை வாங்கி அடுக்கும் வேலையை உங்களிடம் கொடுத்ததே முறையல்ல.

தலைமையாசிரியர் கேட்கும் பட்டியலைப் பற்றி. அவர் நல்ல எண்ணத்தில்தான் கேட்கிறார் என்றே எடுத்துக்கொள்கிறேன். ஆனாலும் அது கிடைக்கக் கூடாது. இப்படி ஒரு வழக்கு 1973ஆம் ஆண்டே அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் நடந்திருக்கிறது. எட்டாம் வகுப்பு மாணவர்களில் யார் பின்னாளில் போதைக்குப் போகக்கூடும் என்று முன்கூட்டியே கண்டுபிடிக்க, ஒரு பள்ளி நிர்வாகம் கேள்வித்தாள் கொடுக்கத் திட்டமிட்டது. பெற்றோர் கொஞ்சுவார்களா, கட்டி அணைப்பார்களா என்றெல்லாம் அதில் கேள்விகள். மெரிக்கன் என்ற தாய் நீதிமன்றம் போனார். நீதிமன்றம் அந்தத் திட்டத்துக்குத் தடை விதித்தது. குடும்பத்தின் அந்தரங்கத்தில் தலையிடுகிறது என்பதோடு, முத்திரை குத்தப்பட்ட பிள்ளை அந்த முத்திரைப்படியே ஆகிவிடக்கூடும், சக மாணவர்களால் ஒதுக்கப்படக்கூடும் என்பதையும் தீர்ப்பு எடுத்துக்காட்டியது. ரகசியம் என்று கொடுத்த வாக்குறுதியைப் பள்ளியால் காப்பாற்ற முடியாது என்பதும் அதில் இருந்தது.

கணக்கும் பட்டியலுக்கு எதிராகத்தான் இருக்கிறது. தேசிய மனநலக் கணக்கெடுப்பு 2015-16இல் 13 முதல் 17 வயதினரில் 7.3 சதவீதம் பேருக்கு மனநலப் பிரச்சினை இருப்பதாகக் கண்டது. புரிவதற்காக ஓர் எடுத்துக்காட்டு: நூறு மாணவர்களில் உண்மையில் ஏழு பேருக்குப் பிரச்சினை இருக்கிறது என்று கொள்வோம். கேள்வித்தாள் அந்த ஏழில் ஆறு பேரைச் சரியாகப் பிடிக்கிறது. மற்ற 93 பேரில் 14 பேரைத் தவறாகக் குறிக்கிறது. இப்போது தலைமையாசிரியரின் மேசையில் இருக்கும் பட்டியலில் இருபது பெயர். அதில் பதினான்கு பேருக்கு ஒன்றுமில்லை. அந்தப் பதினான்கு பேர் அன்றைக்கு மதிப்பெண் குறைந்த வருத்தத்திலோ, தோழியோடு சண்டை போட்டுக்கொண்டோ எழுதியிருப்பார்கள். பட்டியலில் இல்லாத ஒரு பிள்ளையோ, பிரச்சினை இல்லாதவன் என்று முடிவுகட்டப்பட்டுவிடும். மனநல மருத்துவரின் நேரடிப் பரிசோதனை இல்லாமல் கேள்வித்தாள் மதிப்பெண்ணை நோய் என்று யாரும் சொல்ல முடியாது. பெற்றோர் கூட்டத்தில் அந்தப் பட்டியலை வாசித்தால் என்ன ஆகும் என்பதை எண்ணிப் பார்க்கவே எனக்கு மனம் வரவில்லை. பள்ளிக்குக் கிடைக்க வேண்டியது மொத்தக் கணக்கு. இத்தனை சதவீதம் பேர் தூக்கமில்லாமல் இருக்கிறார்கள், இத்தனை பேர் கழிப்பறைப் பக்கம் நடக்கும் கேலிக்கு அஞ்சுகிறார்கள் என்பது போன்றவை. அவற்றை வைத்துத் தலைமையாசிரியரால் நிறையச் செய்ய முடியும்.

பதினோராம் வகுப்புக்கான கூகுள் படிவத்தைப் பொறுத்தவரை, உங்கள் ஊரில் பிள்ளைகளிடம் இருக்கும் போன் பெரும்பாலும் அண்ணனுடையது, அம்மாவுடையது. வாட்ஸ்அப்பில் இணைப்பு வரும்போதே வீட்டில் யாரோ திறந்து பார்ப்பார்கள். பின்னால் ஒருவர் நின்று பார்க்கும்போது எந்தப் பெண் உண்மையைக் குறிப்பாள்? படிவத்தில் மின்னஞ்சல் முகவரி சேகரிக்கும் அமைப்பு திறந்திருந்தால், பெயர் கேட்காமலே ஆளைக் காட்டிவிடும். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் பதினெட்டு வயது வரை குழந்தை என்றே சொல்கிறது, பெற்றோரின் சரிபார்க்கக்கூடிய சம்மதத்தைக் கேட்கிறது. ஆய்வுகளுக்குச் சில விதிவிலக்குகள் அதில் உண்டு. ஆனால் ஒருவரைப் பற்றி முடிவெடுக்க அந்தத் தரவைப் பயன்படுத்தினால் அந்த விலக்கு செல்லாது. பட்டியல் கேட்கும் தலைமையாசிரியரிடம் இதை மென்மையாகச் சொல்லலாம். என்னைக் கேட்டால், தாளிலேயே நடத்தச் சொல்வேன்.

நீங்கள் தனி ஆளாக எதிர்த்து நிற்க வேண்டியதில்லை. நிர்வாகத்தின்கீழ் வேலை பார்ப்பவரின் சங்கடம் எனக்குத் தெரியும். குழுவிடம் சில தாள்களைக் கேட்டு வாங்குங்கள், அது சண்டை ஆகாது. நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கடிதம், பெற்றோருக்கான தகவல் தாள், கேள்வித்தாள். 2019ஆம் ஆண்டின் விதிகளின்படி, மருத்துவ, சுகாதார ஆய்வுகளைப் பரிசீலிக்கும் நெறிமுறைக் குழு மத்திய சுகாதார ஆராய்ச்சித் துறையில் பதிவு செய்திருக்க வேண்டும், அந்தப் பதிவு எண்ணையும் கேளுங்கள். தகவல் தாளின் கடைசியில் குழுவின் உறுப்பினர் செயலரைத் தொடர்புகொள்ளும் விவரம் இருக்க வேண்டும். இருந்தால், ஒன்பதாம் வகுப்பில் நடந்ததை நடந்தபடி அவருக்கு எழுதுங்கள். ஆய்வை நிறுத்திவைக்கவும் திருத்தச் சொல்லவும் அவர்களுக்கு அதிகாரம் உண்டு. எழுதிக் கொடுத்த தாள்களிலிருந்து ரோல் நம்பர் பகுதியை வெட்டி நீக்கும்படியும், பள்ளி அலமாரியில் நகல் இருந்தால் திருப்பி எடுத்துப்போகும்படியும் அதே கடிதத்தில் கேளுங்கள். ஒப்புதல் கடிதமே இல்லை என்றால் பதினோராம் வகுப்புக்குத் தேதி கொடுக்க வேண்டாம் என்று தலைமையாசிரியரிடம் சொல்ல உங்களுக்கு வலுவான காரணம் கிடைத்துவிடும். ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் மட்டும் இதைப் போடாதீர்கள். மாலைக்குள் அந்தப் பெண் யார் என்று ஊர் தேடத் தொடங்கிவிடும்.

பொய்க் கையெழுத்துப் போட்ட பிள்ளைகளை ஒன்றும் செய்ய வேண்டாம். விசாரிக்கவும் வேண்டாம். அவர்களுடைய பெற்றோரிடம் இப்போதாவது ஆய்வைப் பற்றி விளக்கி, பிள்ளையின் தாளை வைத்துக்கொள்ளலாமா நீக்கிவிடலாமா என்று கேட்க வேண்டிய பொறுப்பு ஆய்வுக் குழுவினுடையது. நீக்கச் சொன்னால் நீக்க வேண்டும். ரோல் நம்பரை வெட்டிவிட்டால் எந்தத் தாளை நீக்குவது என்று தெரியாமல் போகும், ஆகவே பெற்றோரிடம் கேட்பதை முதலில் முடித்துவிட்டு, எண்ணை வெட்டுவதைப் பிறகு செய்யச் சொல்லுங்கள்.